கோடு போட்ட விலை

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் நம் வீடுகளில் முதலில் எதிர்பார்ப்பது ஆளை. அடுத்தபடி எதிர்பார்ப்பது அவர் கொண்டுவரும் பெட்டியை. இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்டியைத் திறக்கும்போது சுற்றியிருப்பவர்களின் முகத்தில் தெரிகிற சந்தோஷம் பெரிய சந்தோஷம்தான். ஆனால், அந்தப் பெட்டியை நிரப்புகிறவரின் பாடு நிரப்பிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அப்படி ஒருமுறை பெட்டி நிரப்பப் போய் நான் படித்துக்கொண்ட பாடத்தை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன், சகோதரிகளே.

மூத்த மகள் அமெரிக்காவில், வேர்ஜீனியா மாநிலத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது உதவிக்கென்று போய் மூன்று மாதம் தங்கினேன். திரும்புவதற்குப் பத்து நாள் இருக்கையில் கொப்பியை எடுத்துப் பட்டியல் எழுதினேன். தம்பியின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து. சின்ன மகளுக்கு நீளக்கைச் சட்டை. நுவரெலியாவில் இருக்கும் சாச்சிக்கு ஒரு ஸ்வெட்டர். மதினிக்கு நல்ல தோல் கைப்பை. இப்படியே பதினேழு பெயர் எழுதியும் யாரையோ மறந்துவிட்ட மாதிரியே இருந்தது.

“உம்மா, கடை கடையா ஏறி இறங்கத் தேவல்ல. எல்லாத்தையும் ஒரே எடத்தில வாங்கலாம். பொட்டோமக் மில்ஸுக்குப் போவோம்” என்றாள் மகள்.

மில் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது நம் துல்கிரிய நெசவாலைதான். அங்கே போய்ப் பார்த்தால் நூலும் இல்லை, தறியும் இல்லை. வொஷிங்டன் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில், 95ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரமாக, மாடி எதுவும் இல்லாமல் நீளவாக்கில் படுத்துக் கிடக்கும் ஒரு பிரமாண்டமான கடைத்தொகுதி அது. 15 இலட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பு. 200 கடைகள் வரை. வாகனத் தரிப்பிடமே நம் ஊர் விளையாட்டு மைதானங்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்தது போல இருந்தது. எந்த வாசலால் நுழைந்தோம் என்பதை ஞாபகம் வைக்காவிட்டால் கார் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

உள்ளே ஒரு தெரு போல நடைபாதை வளைந்து வளைந்து போகிறது. இரு பக்கமும் கடைகள். வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. உள்ளே எப்போதும் ஒரே குளிர்ச்சி, ஒரே வெளிச்சம். காலை பத்தரைக்குப் போனவர்கள் வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. நேரம் போனதை எனக்கு அறிவித்தது என் முழங்கால்தான்!

கடைகளின் வாசலில் எல்லாம் “அவுட்லெட்”, “ஃபெக்டரி ஸ்டோர்” என்ற சொற்கள். அதாவது தொழிற்சாலைக் கடை. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் நான் ஏமாந்த இடம் உங்களுக்குப் புரியும்.

முன்னொரு காலத்தில் அமெரிக்காவில் துணி ஆலைகளும் சப்பாத்துத் தொழிற்சாலைகளும் தங்கள் கட்டடத்தின் ஒரு மூலையிலேயே சிறு கடை வைத்திருந்தன. தையல் பிசகியது, சாயம் சரியாக ஏறாதது, எண்ணிக்கைக்கு மேலாகத் தைத்தது போன்றவற்றை அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். பிறகு அக்கம்பக்கத்து மக்களும் வாங்க வந்தார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் ரெடிங் என்றொரு ஊர். பெண்கள் அணியும் நீளக் காலுறைக்குப் பேர்போன ஒரு பெரிய ஆலை அங்கே இருந்தது. அந்த ஆலையை விலைக்கு வாங்கிய வி.எஃப். என்ற கொம்பனி 1970இல் அதன் கட்டடத்திலேயே மலிவு விற்பனையை ஆரம்பித்தது. தூரத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்துக்கூட ஆட்கள் வந்தார்கள். பெண்கள் அதிகம். குறை இருக்கும், அந்தக் குறை விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அதற்குத்தான் விலை குறைவு. ஒளிவுமறைவு இல்லாத வியாபாரம்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்த கட்டட நிறுவனங்கள் சும்மா இருக்குமா? தனித்தனியாகக் கிடந்த இப்படியான கடைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரலாமே என்று யோசித்தார்கள். ஹேர்பேர்ட் மில்லர் என்பவரின் நிறுவனம் 1985இல் பொட்டோமக் மில்ஸைத் திறந்தது. அடுத்து 1989இல் பிலடெல்பியாவில் ஃபிராங்க்ளின் மில்ஸ், 1990இல் புளோரிடாவில் சோகிராஸ் மில்ஸ், 1991இல் சிக்காகோவுக்கு வடக்கே கேர்னி மில்ஸ் என்று ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல வரிசையாக எழுந்தன. 2004இல் கனடாவில் டொரொன்டோவுக்கு அருகே வோன் மில்ஸ் வந்தது. அங்கே குடியேறிய நம் நாட்டவர் பலருக்கு அது நன்கு பழக்கமான இடம். ஆலை எதுவும் இல்லாத இடங்களுக்கு ஆலை என்று பெயர் வைத்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? “தொழிற்சாலை வாசலில் வாங்குகிறோம், இடையில் தரகர் இல்லை” என்ற எண்ணம் நம் மனதில் தானாகவே வந்துவிடுகிறது.

இவ்வகை மலிவுக் கடைகளை நகரத்துக்கு வெளியே வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு கொம்பனியின் உடுப்பை நகரத்தில் முழு விலைக்கு விற்கும் பெரிய கடைகள், பக்கத்திலேயே அதே கொம்பனி மலிவாக விற்றால் கோபிக்கும். அதனால் காரில் அரை மணி, ஒரு மணி நேரம் ஓடிப் போகும் தூரம். அந்தத் தூரமே வியாபாரத்துக்கு உதவியாகவும் இருக்கிறது. இவ்வளவு தூரம் பெற்றோல் செலவழித்துப் போனவர் வெறுங்கையோடு திரும்ப மனம் கேட்பாரா? எனக்கும் மனம் கேட்கவில்லை.

சப்பாத்து வாங்கினோம். ஸ்வெட்டர் வாங்கினோம். நீளக்கைச் சட்டைக்குத்தான் நாலைந்து கடை ஏறவேண்டியிருந்தது. கை நீளமாக இருந்தால் துணி மெல்லியது. துணி கனமாக இருந்தால் இடுப்போடு நின்றுவிடுகிறது. கடைசியில் ஒன்று கிடைத்தது. அதன் பிறகு மதினியின் கைப்பை.

பெயர்போன ஒரு கொம்பனியின் கடை. எந்தக் கொம்பனி என்று சொல்லப்போவதில்லை. தட்டில் மண்ணிறத்தில் ஓர் அழகான பை. அதில் தொங்கிய அட்டையில் 160 டொலர் என்று அச்சிட்டு, அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு. கீழே 64 டொலர். என் கண் 64இல் நிற்கவில்லை, சகோதரிகளே. 160இலேயே நின்றது. “96 டொலர் இலாபம்” என்று மனம் கணக்குப் போட்டது. 64 டொலர் செலவழிக்கப் போகிறேன் என்ற கணக்கை அது போடவேயில்லை.

“உம்மா, கோடு போட்ட விலையப் பாக்காதீங்க. பையப் பாருங்க” என்றாள் மகள்.

நான் கேட்கவில்லை. காசு கொடுக்கும் இடத்தில் இன்னொரு சங்கதி. நம் நாட்டில் கடையில் ஒட்டியிருக்கும் விலைதான் நாம் கொடுக்கும் விலை. அங்கே விற்பனை வரி தனி. அந்தப் பகுதியில் நூற்றுக்கு 6. அறுபத்து நாலு டொலர் அறுபத்தேழு டொலர் 84 சதமாயிற்று.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்த அன்று மதினியின் கையில் பையைக் கொடுத்தேன். கொடுத்தேனே, அதோடு விட்டேனா? “அங்க 160 டொலர் போற பை, மதினி” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். மதினியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமை.

எட்டு மாதம் போகவில்லை. ஒரு கல்யாண வீட்டில் மதினி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் வாரின் ஒரு முனை கழன்று, ஊசியால் குத்திப் பிடித்திருந்தது. ஓரங்களில் மேல்பூச்சு உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டு பையை மெல்லத் திருப்பி வைத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். 160 டொலர் என்று நான் சொன்ன சொல்லை நம்பி அவர் யார் யாரிடம் அதைச் சொன்னாரோ!

அன்றிரவு மகளோடு தொலைபேசியில் கதைத்தேன். அவள் சொன்ன விபரம் இதுதான். இப்போது அவுட்லெட் கடைகளில் கிடைக்கும் பொருட்கள் மூன்று வகை. முதலாவது, நகரக் கடைகளில் விற்று மிஞ்சிய போன பருவத்துச் சரக்கு. இரண்டாவது, சிறு குறை உள்ளவை. இவை இரண்டும்தான் பழைய தொழிற்சாலைக் கடையின் உண்மையான சரக்கு. மூன்றாவது வகை, அவுட்லெட்டில் விற்பதற்கென்றே குறைந்த செலவில் தனியாகத் தயாரிப்பது. கொம்பனியின் பெயர் அதே பெயர். துணியோ தோலோ வேறு. அது நகரத்துக் கடைத் தட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. அப்படியானால் கோடு போட்ட அந்த 160 டொலரை யார், எங்கே, எப்போது கொடுத்தார்கள்? யாருமே கொடுத்திராத விலையாகவும் அது இருக்கலாம்!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் பாராளுமன்றம் வரை போன கதை. 2014 ஜனவரியில் செனட்டர்கள் மூவரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து, நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். அவுட்லெட்டுக்கென்றே செய்த பொருள்களில் இப்படி ஒப்பீட்டு விலை போட்டு மக்களைத் தவறாக நினைக்க வைக்கிறார்களா என்று ஆராயும்படி கேட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் அந்த ஆணைக்குழு, அவுட்லெட்டில் வாங்குவோர் தரத்தைக் கேட்டறிந்து வாங்கும்படி ஆலோசனை வெளியிட்டது. 2015இல், அவுட்லெட் விலை அட்டைகள் பற்றி வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு ஒன்றை முடித்துக்கொள்ள மைக்கல் கோர்ஸ் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 48 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர் கொடுக்க இணங்கியது.

அவுட்லெட்டுக்கென்று தனியாகச் செய்வதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. குறைந்த விலைக்குக் குறைந்த தரம் என்பது நியாயமான வியாபாரம்தான். 64 டொலர் பை என்று சொல்லி 64 டொலருக்கு விற்றிருந்தால் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அதன் தலையில் இல்லாத ஒரு விலையை எழுதி, பிறகு அதைக் கோடு போட்டு வெட்டியதுதான் பிழை. அந்தப் பிழையை நான் கடலுக்கு இப்பால் கொண்டுவந்து, என் வாயாலேயே மதினியிடம் விற்றேன்.

இந்தக் கதையில் இன்னொரு துண்டும் உண்டு. தம்பியின் சின்னவனுக்கென்று அங்கே ஒரு சேட் வாங்கியிருந்தேன். வீட்டில் மடித்து வைக்கும்போது கழுத்தோர லேபலைப் பார்த்தால், இலங்கையில் தயாரிக்கப்பட்டது என்று இருக்கிறது! இங்கிருந்து கப்பலேறிப் போனதை நான் விமானத்தில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். வீடே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரி இருக்கிறார். கட்டுநாயக்க வலயத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பல வருடம் நின்று வேலை செய்தவர். 1978இல் அந்த வலயம் திறந்த நாளிலிருந்து எத்தனை எத்தனை குமர்ப் பிள்ளைகள் அங்கே போய்த் தைத்திருக்கிறார்கள்! 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்த பிறகு கிராமங்களிலும் தையல் இயந்திரங்கள் ஓடின. அமெரிக்கக் கடைகளில் தொங்கும் உடுப்பின் நல்லது கெட்டது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கொண்டுவந்த உடுப்புகளில் நாலைந்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் விலை அட்டையைப் பார்க்கவே இல்லை. எடுத்த கையோடு உடுப்பை உட்புறம் புரட்டினார். “மேல்பக்கம் எல்லாரும் வடிவாத்தான் தைப்பாங்க. உள்பக்கத்தப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். அவர் காட்டித் தந்தவற்றை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். அவுட்லெட்டுக்கு மட்டும் அல்ல, புறக்கோட்டையில் வாங்கினாலும் பயன்படும்.

தையலின் கண்ணைப் பாருங்கள். நெருக்கமாக, ஒரே அளவாக இருந்தால் நல்லது. அகல அகலமாக இருந்தால் நூலும் நேரமும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இரு பக்கத்தையும் பிடித்து மெல்ல இழுங்கள். தையலுக்கிடையில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணியைப் பாருங்கள். வளரும் பிள்ளைகளின் உடுப்பில் அது கொஞ்சமாவது இருக்கவேண்டும். அடியில் மடிப்பு அகலமாக இருந்தால் அடுத்த பெருநாளுக்கும் இறக்கிப் போடலாம்.

கோடோ கட்டமோ போட்ட துணியானால், பக்கத் தையலில் கோடு கோட்டோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ப்பதற்குத் துணி கூடுதலாகத் தேவை. மலிவாகத் தைக்கும் இடத்தில் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

சிப்பை ஐந்தாறு தடவை ஏற்றி இறக்குங்கள். பொத்தானைத் திருகிப் பாருங்கள். பையானால் வார் பையோடு சேரும் இடத்தையும், உள் துணியையும், ஓரத்தையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். தோலா, தோல் மாதிரிப் பூச்சா என்பதை ஓரம் சொல்லிவிடும்.

இத்தோடு மகள் சொன்ன இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில கொம்பனிகள் அவுட்லெட்டுக்கென்று செய்த உடுப்பின் லேபலில் பெயருக்குக் கீழே சிறு சதுரங்களோ வைர வடிவங்களோ போட்டுவைக்கும். தெரியாவிட்டால், “இது உங்கள் மற்றக் கடைகளிலும் விற்றதா, இதற்கென்றே செய்ததா?” என்று கடைப்பிள்ளையிடம் நேராகக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடுத்தது, பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்று பற்றுச்சீட்டு எழுதுவதற்கு முன்பே கேளுங்கள். மலிவு விற்பனையில் பல பொருள்களைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். கடல் கடந்து வந்த பிறகு எடுத்தால்தான் என்ன, எடுக்காவிட்டால்தான் என்ன!

புறப்படும்போது அந்தச் சகோதரி ஒன்று சொன்னார். அவர் வேலை செய்த நாட்களில், ஏற்றுமதிக்குத் தைத்து ஒதுக்கப்பட்ட உடுப்புகள் கொழும்புக் கடைகளுக்கு வரும். கொம்பனியின் லேபலை வெட்டிவிட்டிருப்பார்கள். அவர் வழமையாகப் போகும் கடைக்காரர், “இந்தா, இந்தக் கைமடிப்பில தையல் பிசகியிருக்கு, அதாலதான் இந்த விலை” என்று தானே விரித்துக் காட்டுவாராம். பெயரை வெட்டிவிட்டு, குறையைக் காட்டி விற்ற கடை அது. நான் போன கடையிலோ பெயர் பெரிதாக இருந்தது. குறைதான் அட்டைக்குப் பின்னால் மறைந்திருந்தது. பழைய தொழிற்சாலைக் கடையின் நேர்மை அந்தச் சிறிய கடையில் அல்லவா இருந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அப்படியானால் பொட்டோமக் மில்ஸ் போன்ற இடங்களுக்குப் போகவே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகப் போகலாம். அன்று வாங்கிய சப்பாத்துகள் தம்பியின் பிள்ளைகள் இருவருக்கும் ஒருவர் பின் ஒருவராக உழைத்துவிட்டன. சாச்சியின் ஸ்வெட்டர் இன்னும் புதிதாகவே இருக்கிறது. அந்தக் கடைகளில் நல்லதும் உண்டு. தேடி எடுப்பதற்குக் கண்ணும் கையும் வேண்டும். வீட்டிலேயே பட்டியல் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இவ்வளவுதான் என்று தொகையையும் எழுதிக்கொண்டு போங்கள். பட்டியல் முடிந்ததும் வெளியே வந்துவிடுங்கள். எனக்கு விமானத்தில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிதான். பட்டியலில் இல்லாததை வாங்கிவிட்டு, கடைசி இரவில் எதை எடுப்பது எதை விடுவது என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தவித்தவள் நான்.

இனி, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒவ்வொரு வார்த்தை. கொடுப்பவரே, அன்பளிப்போடு விலையையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்தது பை. அதற்கு மேல் போட்ட கோட்டைக் கொடுக்கவேண்டாம். வாங்குபவரே, “அங்க இது என்ன விலை?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பெயர் பெரிதாக இருக்கும் பொருளைத் தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர்!

மதினியிடம் பிறகு போனேன். நடந்ததைச் சொன்னேன். “160 என்று சொன்னது பொய்யாப் போச்சு மதினி. மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றேன். அவர் சிரித்தார். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து காட்டினார். பையூருக்கு... இல்லை, பக்கத்துத் தெருவில் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து வாரை இறுக்கித் தைப்பித்திருந்தார்.

“இப்பத்தான் இது உறுதியான பை” என்றார் மதினி.

அந்தத் தையலைப் புரட்டிப் பார்த்தேன். நெருக்கமாக, ஒரே அளவாகத்தான் இருந்தது.